நண்டுப் பாட்டுக்காரர் வந்த கிழமை

செப்டம்பர் பிறந்த பிறகும் அந்த வருஷம் ஹனோவரில் வெயில் ஒழுங்காக எறிக்கவில்லை. காலையில் மழை, மத்தியானம் புழுக்கம், பின்னேரம் சில்லென்று ஒரு காற்று. எதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதென்று தெரியாமல் லிண்டன் பகுதிச் சனங்கள் ஜக்கெற்றைத் தோளில் போட்டபடி, குடையும் கையுமாக அலைந்தார்கள்.

லிண்டனில் பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்று இருந்தது. வார்ப்பு வேலை நின்று கனகாலம். சுவரில் படிந்த கரியைக்கூடச் சுரண்டாமல் அதைப் பாட்டுக் கச்சேரி மண்டபமாக்கியிருந்தார்கள். பெயரையும் மாற்றவில்லை. கீஸெராய் என்றால் வார்ப்பாலை, அவ்வளவுதான். கிழமைக்கு ஒரு குழு உலகத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து வந்து அங்கே பாடும். ஜேசுரட்ணம் பெட்டி இறக்குவான், கதிரை அடுக்குவான், கச்சேரி முடிந்ததும் பியர் சிந்திய நிலத்தைக் கழுவி விடுவான். அவன் மனைவி சியாமளா வருகிற குழுக்களுக்குச் சமைப்பாள். “இண்டைக்கு எத்தினை வாய்?” என்று மட்டும்தான் கேட்பாள். ஆர், எந்த நாடு, என்ன பாட்டு என்பதெல்லாம் அவளுக்குத் தேவையில்லாத கதை.

இருவரும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தொண்ணூற்றெட்டில் வந்தவர்கள். அகதி வழக்கு தோற்று, ‘இப்போதைக்கு உங்களைத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் ஒரு கடதாசியில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. டுல்டுங் என்று அதற்குப் பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவல் பார்க்கிற கந்தோருக்குப் போய் நீட்ட வேண்டும். இந்தக் கோடையில்தான் புதுச் சட்டம் ஒன்று வந்தது. நெடுநாள் இருந்தவர்கள், கையில் நிரந்தர வேலை உள்ளவர்கள், விசா கேட்கலாம் என்றார்கள். மண்டப நிர்வாகி பிர்கிட் இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு விசாரணை. வருகிற திங்கட்கிழமை காலையில் அதற்கு நேரம் குறித்திருந்தார்கள், ரெர்மின் என்பார்கள் அதை. புருஷனையும் பெண்சாதியையும் ஒன்றாக இருத்திக் கேள்வி கேட்பார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

“கேக்கிறதுக்கு மட்டும் நேராப் பதில் சொல்லுங்கோ, போதும்” என்பதுதான் அவருடைய புத்திமதி.

அதுதான் ஜேசுரட்ணத்துக்குப் பயம். வந்த புதிதில் நடந்த முதல் விசாரணையில், ஊரில் ஆர் இருக்கினம் என்று கேட்டதுக்குச் சியாமளா, “தம்பி அம்புறோஸ்” என்று தொடங்கியவள்தான். பிறகு நிறுத்தவே முடியவில்லை. பெற்ற கையோடு தாய் போய்ச் சேர, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அது. பதினொரு வயதில் மாமி ஒருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அழுத அழுகையில் எந்த மாதம் இடம்பெயர்ந்தார்கள், எந்த முகாமில் இருந்தார்கள் எல்லாம் முன்னுக்குப் பின் ஆகிவிட்டது. ‘கூற்றுகளில் முரண்பாடு’ என்று எழுதி வழக்கைத் தள்ளினார்கள். அதிலிருந்து அவர்களுக்குள் கந்தோர் என்ற பேச்சு வந்தாலே ஜேசுரட்ணம் முதலில் சொல்வது, “அழாத, என்ன” என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை அவன் மண்டபத்தின் பின்முற்றத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. ஞானசுந்தரம். அதே ஊர்க்காரர், முந்தி வந்தவர், ஜேர்மன் பாஸ்போட் எடுத்து டாக்சி ஓட்டுகிறவர்.

“ஜேசு, பக்கத்தில சியாமளா நிக்கிறாளோ?”

“இல்லையண்ணை. அவள் குசினிக்க. ஏன்?”

“அப்ப தள்ளி வா. வெளிய வா.”

“வெளியதான் நிக்கிறன். சொல்லுங்கோ.”

“அம்புறோஸ் செத்துப்போனானடா.”

ஜேசுரட்ணம் தள்ளிக்கொண்டிருந்த பெட்டியை விடவில்லை. சரிவில் அதுவே அவனை இரண்டு அடி இழுத்துக்கொண்டு போனது.

“லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில சாமான் ஏத்திக்கொண்டு மடுப் பக்கம் போயிருக்கிறான். றோட்டில கிளைமோர்க் கண்ணி வெடிச்சிருக்கு. இவனோட இன்னும் ரெண்டு பேர். மாமி இப்பதான் ஆரையோ பிடிச்சுக் கனடாவுக்குச் சொல்லி, அங்கயிருந்து எனக்கு வந்தது. நாளைக்கே அடக்கமாம். வைச்சிருக்க ஏலாதாம்.”

“அண்ணை...”

“நீ இப்ப அழக்கூடாது. சொல்லுறதைக் கேள். திங்கள் உங்களுக்கு ரெர்மின். இவளுக்குச் சொன்னா இவள் கந்தோர்ப் படி ஏறுவாளோ? ஏறினாலும் வாய் திறப்பாளோ? போனமுறை என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியும். இனிப் போனவன் திரும்பி வரப்போறேல்ல. திங்கள் முடியட்டும். பிறகு நானும் மனுசியும் வந்து ஆறுதலாச் சொல்லுவம். அதுவரைக்கும் வாய் திறக்காத.”

இதில் ஜேசுரட்ணத்துக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. எங்கள் சனத்துக்குள் இது பழகிப்போன காரியம். பரீட்சை முடியட்டும், கலியாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று மரணச் செய்தியை மற்றவர்கள் கூடிப் பேசிப் பொத்தி வைப்பார்கள். பொத்தி வைப்பது அன்பு என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்வது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டான். “லைன் வேலை செய்யேல்ல. கொம்பனிக்குச் சொல்லியிருக்கு” என்றான். தமிழ்ச் செய்தி வருகிற சற்றலைற் பெட்டியும் திடீரென்று பழுதாயிற்று. வாராவாரம் போகிற தமிழ்க் கடைக்கு, “நீ நில், நான் வாங்கிக்கொண்டு வாறன்” என்று தானே ஓடினான். நித்திரையில்லை. ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் எழும்பினான், எழும்பினால் யன்னலைத் திறந்தான், திறந்த யன்னலைப் பூட்டினான்.

“என்னப்பா, உடம்புக்குள்ள மோட்டார் கீட்டார் வைச்சிருக்கிறியளோ?” என்றாள் சியாமளா. “ரெர்மின் எனக்கும்தானே. நான் சும்மா இருக்கேல்லையோ?”

அந்தக் கிழமைக்கான குழு அவுஸ்திரேலியாவின் வடகரையிலிருந்து வருவது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஒரே குடும்பத்து அண்ணன், தம்பி, அக்கா, மச்சான் என்று சேர்ந்து கித்தாரும் டிரம்சும் வைத்துத் தங்கள் சொந்தப் பாஷையில் றொக் பாடுகிற கூட்டம். குழுவின் பெயருக்கு அவர்கள் பாஷையில் ‘வற்றுக்கடல்’ என்று பொருளாம். அந்தப் பாஷை பேசுகிறவர்கள் உலகத்தில் ஒரு சில ஆயிரம் பேர்தான் என்று நோட்டீசில் போட்டிருந்தது.

“எங்கட ஆக்கள் கோடிக்கணக்கில இருக்கிறம். நாங்கள் தமிழில பாடினா இந்தச் சனம் காசு குடுத்துக் கேக்குமே?” என்று ஞானசுந்தரம் ஒருமுறை கேட்டார்.

“நீங்கள் பாடினா தமிழ்ச் சனமும் கேளாது அண்ணை” என்று சியாமளா சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிர்கிட் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். குழு கோப்பன்ஹேகனில் நிற்கும்போது ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது. உடம்பு சுகமில்லாமல் இந்தப் பயணத்துக்கு வராமல் நின்ற மூத்த அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடக்கத்துக்குச் சொந்தமெல்லாம் கூட வேண்டும், அதற்குக் கிழமைக்கணக்கில் செல்லும், ஒப்புக்கொண்ட கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு வாருங்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆனால் சில காரியங்களில் கவனமாக இருக்க வேண்டும். இறந்தவரின் பெயரை ஒருவரும் சொல்லக்கூடாது. அவருடைய முகம் எங்கேயும் தெரியக்கூடாது. அவருடைய குரல் உள்ள சிடியைப் போடக்கூடாது. அது அவர்களுடைய வழக்கம்.

“எவ்வளவு காலத்துக்கு?” என்று கேட்டான் மார்ட்டின். ஒலிக்கருவி பார்க்கிற மார்ட்டின். தாடி வைத்த நெட்டையன்.

“வருஷக்கணக்காகவும் இருக்கலாம்” என்றாள் பிர்கிட். பிறகு தயங்கினாள். “இன்னொரு சிக்கல் இருக்கு. அவருடைய பெயரும் உன்னுடைய பெயர்தான்.”

மார்ட்டின் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

“உன்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஏலாது. திங்கள் வரைக்கும் உனக்கு வேறு பெயர் வேண்டும்.”

ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அவன் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் குசினிக் கதவடியில் நின்ற சியாமளாதான், “இவர் கூப்பிடுறமாதிரியே ‘மச்சான்’ எண்டு கூப்பிடுங்கோவன்” என்றாள். ஜேசுரட்ணமும் அவனும் ஒன்றாகப் பெட்டி தூக்கும்போது அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மார்ட்டினுக்குச் சந்தோசம். அன்று பின்னேரமே பிர்கிட் ஒலிபெருக்கியில், “மச்சான், மச்சான், அலுவலகத்துக்கு வரவும்” என்று அறிவித்தாள். சியாமளா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சுவரொட்டிகளில் முகத்தை மறைக்கிற வேலை ஜேசுரட்ணத்துக்கு வந்தது. லிம்மர் தெரு நீளத்துக்கு, ட்ராம் நிறுத்தங்களிலும் பேக்கரிக் கண்ணாடிகளிலும் ஒட்டியிருந்த ஒவ்வொன்றிலும், இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது ஆளின் முகத்தின் மேல் பிறவுண் கடதாசியை வெட்டி ஒட்ட வேண்டும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சட்டைக் கையால் ஈரத்தைத் துடைத்துத் துடைத்து ஒட்டினான். சுருட்டைத் தலை, அகன்ற மூக்கு, வாய் கொள்ளாத சிரிப்பு. கடதாசியை வைத்து அழுத்தும்போதெல்லாம் கடதாசிக்குக் கீழே அவனுக்கு வேறொரு முகம் தெரிந்தது. இருபது வயது முகம். கடைசியாக அனுப்பிய படத்தில் அம்புறோஸ் லாண்ட்மாஸ்ரரின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். பேக்கரிக்கு முன்னால் ஒரு ஜேர்மன் கிழவி, “ஏன் அந்த மனிதரை மறைக்கிறாய்?” என்று கேட்டாள். “செத்துப்போனார்” என்று சொல்ல வெளிக்கிட்டவன், தலையை ஆட்டிவிட்டு அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்தான்.

குழு சனி மத்தியானம் வந்து இறங்கியது. ஐந்து ஆண்கள், ஒரு பெண். பாடுகிறவர் ஓய்வில்லாமல் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய அக்கா மார்ஜரி, கூடப் பாடுகிறவர், கனத்த உடம்பு, நரைத்த கொண்டை. வந்த கையோடு மேடையில் ஏறிப் பாட்டு வரிசையைப் பிரித்துப் போட்டார்கள். இறந்தவருக்குச் சொந்தமான பாட்டுகளை இனி எடுக்க முடியாது. அவருக்கும் தம்பிக்கும் பொதுவான பாட்டுகளிலும் சிலவற்றை விட வேண்டும். எது ஆருடையது என்று தங்கள் பாஷையில் நெடுநேரம் பேசினார்கள். ஒன்றைத் தொடங்குவார்கள், நடுவில் மார்ஜரி கையை உயர்த்துவார், நிறுத்துவார்கள். கித்தார் அரைவாசியில் அறுந்து அறுந்து விழுகிற சத்தம் மாலை வரை மண்டபத்தில் கேட்டது. ஒலிக்கருவி மச்சான் தன் பெட்டிக்குள்ளிருந்து இறந்தவரின் குரல் உள்ள பழைய பதிவுகளைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தான்.

சியாமளா அன்றைக்குப் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தாள். மீன் வாங்கி வைத்திருந்ததைக் குளிர்ப்பெட்டியின் அடியில் தள்ளிவிட்டாள்.

“மீன் எண்டெல்லோ முதல் கேட்டவை?” என்றான் ஜேசுரட்ணம்.

“செத்தவீட்டுச் சனத்துக்கு ஆரும் மீன் காச்சிக் குடுக்கிறதே? உங்களுக்கென்ன விசரே?”

ஜேசுரட்ணம் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட கோப்பையைக் கொண்டுவந்து வைத்த மார்ஜரி குசினிக்குள் எட்டிப் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்திலும் கையாலும் கேட்டார். மீன் இல்லையா? நாங்கள் கடற்கரைச் சனம், மீன் இல்லாமல் நாலு நாளாக இந்தப் பக்கத்து நாடுகளில் ரொட்டி தின்கிறோம். சியாமளாவுக்கு வெட்கமாகிவிட்டது. “நாளைக்கு, நாளைக்கு” என்று இரண்டு கையாலும் பெரிய மீனைக் காட்டினாள். மார்ஜரி அதைவிடப் பெரிதாகக் காட்டினார். இரண்டு பேரும் கையை அகட்டி அகட்டிக் கடைசியில் குசினிச் சுவரில் இடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழிந்து, கச்சேரிக்கு முதல் சத்தம் சரிபார்க்கிற நேரம். சியாமளா துண்டம் துண்டமாக மீனை மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பையில் நாலு துண்டத்தை எடுத்து வைத்து ஜேசுரட்ணத்திடம் நீட்டினாள்.

“சூட்டோட தின்னுங்கோ. பிறகு நேரம் கிடைக்காது.”

“வேண்டாம். வயித்துக்க சரியில்லை.”

“நேற்றுக் கத்தரிக்காய் ரெண்டு கோப்பை போகேக்க சரியா இருந்ததோ?”

“இப்பதான் சரியில்லை.”

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “புதன்கிழமை நெத்தலி வைச்சன். அதையும் தள்ளிப்போட்டு ஊறுகாயோட சாப்பிட்டீங்கள். நாளைக்கு ரெர்மின், இன்னும் முகம் வழிக்கேல்ல. போனமுறை ரெண்டு நாளைக்கு முதலே தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்த ஆள்.”

“இண்டைக்கு வழிப்பன். இப்ப என்ன, என்னை விசாரணை வைக்கிறியோ?”

மண்டபத்துக்குள்ளிருந்து ஒலிவாங்கியில் பாட்டுக்காரரின் குரல் வந்தது: “மச்சான், குரலைக் கொஞ்சம் கூட்டு. மச்சான், கேட்கிறதா?” சியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அவள் காஸ் அடுப்பை நிற்பாட்டினாள்.

“இஞ்சேருங்கோ.”

“என்ன?”

“என்ர தம்பியின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“சொல்லுங்கோ. வியாழக்கிழமை, அம்புறோஸ் உங்கட கைப்போனுக்கும் ஒரு கோலும் எடுக்கேல்ல எண்டன். ‘அங்க லைன் இல்லையாம்’ எண்டனீங்கள். நேற்று, விசா கிடைச்சால் அம்புறோசைத்தான் முதல்ல போய்ப் பாக்கோணும் எண்டன். கதவைப் பூட்டப் போயிட்டீங்கள். ஒருநாளைக்குப் பத்துத்தரம் அம்புறோஸ் கள்ளன், அம்புறோஸ் எருமை, அம்புறோஸ் என்ர காசைத் திண்டான் எண்டு வையிற வாய். இந்தக் கிழமை ஒருக்காலும் அந்தப் பேர் வரேல்ல. இவையள் சொல்லாத மாதிரி நீங்களும் சொல்லேல்ல.”

ஜேசுரட்ணம் கையில் கிடந்த துணியைச் சுருட்டினான், விரித்தான்.

“அவன்...”

“அவன் இல்லை. பேர்.”

அவனால் முடியவில்லை.

“எப்ப?” என்றாள் சியாமளா. குரல் கந்தோரில் கேள்வி கேட்கிறவர்களின் குரல் மாதிரி இருந்தது.

“செவ்வாய்.”

“எங்க?”

சொன்னான். லாண்ட்மாஸ்ரர், மடு வீதி, கிளைமோர். மாமி முகத்தைப் பார்த்ததாகவும் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம் என்றும் சொன்னான். அடக்கம் புதன்கிழமையே முடிந்துவிட்டது என்றான்.

“புதன்கிழமை நான் நெத்தலி பொரிச்சனான்.”

“சியாமளா...”

“அவனைத் தாட்ட நேரம் நான் இஞ்ச நெத்தலி திண்டிருக்கிறன். ஆர் ஆருக்குத் தெரியும்? ஞானசுந்தரண்ணைக்குத் தெரியுமோ?”

“அவர்தான் சொன்னவர், திங்கள் முடியட்டும் எண்டு. உன்ர நல்லதுக்குத்தான். நாளைக்கு நீ அழுதுகொண்டு போய் நிண்டா இந்த ஒன்பது வருஷமும்...”

“அப்ப எனக்கு அழுறதுக்கும் ரெர்மின் எடுத்து வைச்சனீங்கள்.”

அவள் சமையல் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அவன் தோளைத் தொட வந்த கையைத் தட்டிவிட்டுப் பின்கதவால் முற்றத்துக்குப் போனாள்.

முற்றத்தில் குழுவின் வெற்றுப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. மழை விட்டிருந்தது. அவள் ஒரு பெட்டியில் இருந்தாள், எழும்பினாள், மதில்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். சுற்றிவர நாலு மாடி வீடுகள், ஞாயிற்றுக்கிழமை அமைதி, யன்னல்களில் பூச்சாடிகள். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் படியில் செருப்புச் சத்தம் போடாமல் ஏறப் பழகியவள் அவள். தொண்டைக்குள் வந்ததை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.

உள்ளே டிரம்ஸ் தொடங்கியது. பிறகு கித்தார்கள். கரிபிடித்த சுவரெல்லாம் அதிர்ந்து, முற்றத்துப் பெட்டிகளின் கொளுக்கிகள் கிலுகிலுவென்று ஆடின. சியாமளா கையை எடுத்தாள்.

“என்ர ராசா... என்ர அம்புறோசு... தூக்கி வளத்த கை இஞ்ச இருக்க ஆரடா உனக்கு மண் போட்டது...”

நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவ்வளவு சத்தத்துக்குள் அவள் கத்தியது வாசலில் நின்ற ஜேசுரட்ணத்துக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவளும் அதை நம்பித்தான் முழுத் தொண்டையையும் திறந்திருந்தாள்.

சத்தம் சரிபார்க்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவார்கள். டிரம்ஸ் சட்டென்று நின்றது. “அம்புறோசு” என்ற குரல் மட்டும் முற்றத்தில் தனியே நின்று நாலு மாடிகளிலும் பட்டுத் திரும்பி வந்தது. மேலே ஒரு யன்னல் திறந்தது. யாரோ “ஹலோ?” என்றார்கள்.

பின்கதவால் முதலில் மச்சான் வந்தான், பிறகு பிர்கிட், பிறகு பாட்டுக்காரர். எல்லாரும் வாசலில் நெருங்கிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன நடந்தது? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?” என்றாள் பிர்கிட்.

“அவளின்ர தம்பி செத்துப்போனான்” என்றான் ஜேசுரட்ணம் ஜேர்மனில். “நான் மறைச்சு வைச்சிருந்தனான்.”

அவர்களை விலத்திக்கொண்டு மார்ஜரி வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியில் சியாமளாவுக்குப் பக்கத்தில் தன் பெரிய உடம்பை இருத்தி, ஒரு கையால் அவள் கழுத்தை வளைத்துத் தன் தலையை அவள் தலையோடு முட்ட வைத்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்தார். ஏறி, ஒரு இடத்தில் நின்று, படிப்படியாக இறங்குகிற குரல். அதில் ஒரு பெயரும் இல்லை. சியாமளாவின் குரல் அதற்குள் ஏறியது. அவள் அம்புறோஸ், அம்புறோஸ் என்றே அழுதாள். மார்ஜரி பெயரில்லாமல் அழுதார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்கள். எங்கள் பெண்கள் செத்தவீட்டில் கட்டிப்பிடித்து ஆடுவது போலத்தான் அதுவும் இருந்தது. பாட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மேல் யன்னல் மெல்லச் சாத்தப்பட்டது.

பிர்கிட் மணியைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு வெட்கப்பட்டவள் போலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கச்சேரி பிந்தித்தான் தொடங்கியது. மண்டபம் நிறையச் சனம். பாட்டுக்காரர் முதலில் இரண்டு வசனம் ஆங்கிலத்தில் பேசினார்: எங்கள் வீட்டில் ஒருவர் போய்விட்டார், எங்களுக்குச் சமைத்துத் தருகிறவர்களின் வீட்டிலும் ஒருவர் போய்விட்டார். அவ்வளவுதான். பிறகு கித்தார் இறங்கியது. மார்ஜரி வீங்கின கண்ணோடு பின்னால் நின்று பாடினார்.

சியாமளா குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஜேசுரட்ணம் ஒரு கை தூரத்தில் நின்றான். பக்கத்தில் வரத் தைரியம் வரவில்லை.

“என்ன சொல்லிப் பாடுகினம்?” என்று அவனைப் பாராமல் கேட்டாள்.

“மச்சானைக் கேட்டனான். நண்டுப் பாட்டாம். கண்டல் காட்டுச் சேத்துக்க கையை விட்டு நண்டு பிடிக்கிறது எப்பிடி எண்டு.”

முன்வரிசையில் ஒரு ஜேர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“நண்டுக்கோ அழுகினம்?”

“அவைக்குத் தெரியாதுதானே.”

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். சேறும் உப்பும் தெரிந்த கரைதான் அவளுடையதும். “நாளைக்கு நான் வருவன்” என்றாள் பிறகு. “ஆனா அவை தம்பியைப் பற்றிக் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன். நீங்கள் குறுக்க விழக்கூடாது. என்ர ஜேர்மன் காணாது, நீங்கள்தான் சொல்லோணும். ஒண்டும் விடாமல்.”

“சொல்லுறன்.”

“வீட்டை போய் அந்த ரெலிபோனைக் கொழுவுங்கோ. மாமியோட நான் கதைக்கோணும்.”

திங்கள் காலையில் கந்தோரில் கூட்டமில்லை. விசாரித்த அதிகாரி நடுத்தர வயது, மரியாதையான மனிதர். வேலை, வீட்டு வாடகை, வந்த வருஷம் எல்லாம் கேட்டார். ஜேசுரட்ணம் மழிக்காத முகத்தோடு நன்றாகவே பதில் சொன்னான். சியாமளா நெஞ்சு நிமிர்ந்து இருந்தாள். கண் சிவந்திருந்தது. சிவப்பைத் தவிர வேறொன்றும் அவள் முகத்தில் இல்லை.

“சொந்த நாட்டில் நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா?” என்று அதிகாரி சியாமளாவைப் பார்த்துக் கேட்டார்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கோ. ஒரு தம்பி இருந்தவன். பேர் அம்புறோஸ். போன செவ்வாய்க்கிழமை கிளைமோரில செத்துப்போனான். இப்ப ஒருத்தரும் இல்லை.”

ஜேசுரட்ணம் அதிகாரியின் பக்கம் திரும்பினான். “என் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தார்” என்று ஜேர்மனில் தொடங்கினான். “அவருடைய பெயர்...”

அதிகாரி பேனாவை உயர்த்திக் காத்திருந்தார்.

“அவருடைய பெயர்...” என்றான் மறுபடியும். “அம்பு...” என்றான். அதற்கு மேல் வந்தது சொல்லாக இல்லை. மேசையின் விளிம்பில் நெற்றியை வைத்து, இரண்டு தோளும் குலுங்க, வாய்விட்டு ஊளையிட்டு அழுதான். ஒன்பது வருஷமாக, “அழாத, என்ன” என்று சொல்லிவந்த மனிதன். அதிகாரி பதறி எழும்பித் தண்ணீர் எடுக்கக் கதவுப் பக்கம் போனார். இன்றைக்கு நிறுத்திக்கொள்வோமா, வேறு நாளுக்கு ரெர்மின் தரட்டுமா என்று சியாமளாவிடம் கேட்டார்.

“நைன்” என்றாள் அவள். வேண்டாம்.

ஒரு கையைப் புருஷனின் முதுகில் வைத்தாள். அவன் குலுங்கியபோதெல்லாம் அந்தக் கையும் குலுங்கியது, ஆனால் அவள் அதை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த உடைந்த ஜேர்மனில் தானே சொன்னாள்: அம்புறோஸ். இருபது வயது. என் தம்பி. நான் வளர்த்தது. செவ்வாய்க்கிழமை. போர். அதிகாரி திரும்பி வந்து இருந்து, அவள் சொன்னதை அந்த வரிசையிலேயே எழுதினார்.

எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வைற்றர், பிற்ற” என்றாள் பிறகு. அடுத்ததைக் கேளுங்கள்.